பி சைடு நாலாவது பாட்டு

தவசிலிங்கத்தின் விலாவிலிருந்து முதன்முதலாகப் பாட்டு வந்த நாள் எங்கள் காம்பவுண்டுக்குத் தண்ணீர் வரும் நாளாக இருந்ததால், அந்த முதல் பாட்டை நாங்கள் யாரும் ஒழுங்காகக் கேட்கவில்லை. குடங்கள் உருளும் சத்தத்துக்கு நடுவே எங்கோ வயலின் கேட்டது, யாரோ ரேடியோ வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம், அவரவர் வாளியை அவரவர் நகர்த்தினோம். தண்ணீர் நின்று, சண்டையும் நின்று, நனைந்த சேலையோடு பெண்கள் வீட்டுக்குள் போன பிறகுதான், அந்தச் சத்தம் கடைசி வீட்டிலிருந்து வருகிறது என்பதும் கடைசி வீட்டில் ரேடியோவே கிடையாது என்பதும் எங்களுக்கு உறைத்தது. அதற்குள் வயலின் பாட்டு முடிந்து வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

கடைசி வீட்டில் தவசிலிங்கமும் அவர் மனைவி சண்முகத்தாயும் இருந்தார்கள். ஒரே மகளைச் சிவகாசியில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. தவசிலிங்கம் நூற்பு மில்லில் காலமெல்லாம் ஷிப்டு பார்த்து ஓய்வு பெற்றவர், காதில் வாக்மேன் வயரை மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்தபடி சைக்கிளை உருட்டிப் போகிறவர், இதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. சித்திரையில் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவருக்கு வலது பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டது, பேச்சும் போய்விட்டது. மதுரையில் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துக் கவனியுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அனுப்பும்போது சண்முகத்தாயிடம் ஒரே விஷயத்தைப் பலமுறை சொன்னார்களாம்: முதுகுத் தோல் ஏற்கெனவே சிவந்துவிட்டது, மல்லாக்கப் போடாதீர்கள், இடது பக்கம் ஒருமுறை, வலது பக்கம் ஒருமுறை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆளைத் திருப்பிப் போடுங்கள், படுக்கைப்புண் வந்தால் லேசில் போகாது.

திருப்பிப் போடுவது என்றால் எங்கள் வயதுக்காரர்களுக்குக் கேசட் ஞாபகம்தான் வரும். தவசிலிங்கத்தின் உடம்புக்கும் அதுதான் வந்திருக்க வேண்டும். சண்முகத்தாய் அவரை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்ததும் முதலில் ‘உஸ்’ என்று ஓர் இரைச்சல், பிறகு அந்த வயலின், பிறகு ஓர் ஆண் குரல் என்று ஒரு பழைய படத்தின் பாட்டெல்லாம் வரிசையாக அவர் விலாவிலிருந்து வந்தன, கடைசிப் பாட்டின் சரணம் பாதியில் அறுந்து ‘டக்’கென்று நின்றது. வலது பக்கம் திருப்பிப் போட்டபோது இன்னொரு படம் பாடியது. மல்லாக்கப் போட்டால் வெறும் இரைச்சல்தான். சண்முகத்தாய் இதற்கெல்லாம் ஆச்சரியப்படவில்லை, ஆச்சரியப்பட வேண்டுமென்றால் அதற்கு முன்னால் கொஞ்சமாவது தூங்கியிருக்க வேண்டும், அவள் ஆஸ்பத்திரித் தரையில் படுத்து எழுந்து வந்தவள். இன்னொரு வேலை கூடிவிட்டது என்று நினைத்தாளாம், பிறகு, இல்லை, இது இருக்கிற வேலைதான் என்று தேற்றிக்கொண்டாளாம்.

காம்பவுண்டிலிருந்து ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தோம். ஆளைப் பார்க்கிற சாக்கில் பாட்டைக் கேட்டோம், பாட்டைக் கேட்கிற சாக்கில் ஆளைப் பார்த்தோம், இரண்டுக்கும் அரைக் கிலோ ஆப்பிள்தான். கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற கோமதிநாயகம் அண்ணாச்சி மட்டும் வெறுங்கையோடு வந்து, கட்டிலருகே காதை வைத்துக் கேட்டு, இது கம்பெனி கேசட் இல்லை, கடையில் சொல்லிப் பதிந்து வாங்கிய அறுபது நிமிஷக் கேசட் என்று தீர்ப்புச் சொன்னார். இடது பக்கம் பாடுகிற ஏ சைடில் இருப்பது நன்றாக ஓடிய படம், வலது பக்கம் பாடுகிற பி சைடில் இருப்பது வெளியே வராமலே போன படம், அந்தக் காலத்தில் பாட்டு மட்டும் வந்து படம் பெட்டிக்குள்ளேயே போனது எத்தனையோ, அதைத் தேடிப் பதிந்திருக்கிறார் என்றால் மனுஷன் சாதாரண ஆள் இல்லை என்றார். பரணில் ஒரு பெட்டி நிறையக் கேசட் வைத்திருக்கும் அண்ணாச்சி, தவசிலிங்கத்தை மரியாதையாகப் பார்த்தது அன்றுதான்.

பிறகு அது எங்கள் வழக்கத்துக்குள் வந்துவிட்டது. பி சைடு ரெண்டாவது பாட்டுக்கு உலை வைத்தால் குக்கர் இல்லாத வீட்டிலும் நேரம் சரியாக இருந்தது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் முதலில் முணுமுணுத்தன, பின்னால் அந்தப் பாட்டு இல்லாமல் கணக்கு வரவில்லை என்றன. செல்போனில் அதே பாட்டைத் தேடி எடுத்து வந்த ஒருவன், இதிலேயே சுத்தமாக இருக்கிறதே என்று போட்டுக் காட்டினான், ஆனால் பாதியில் அறுந்துபோகும் அந்தக் கடைசிப் பாட்டு அவன் போனில் அறுந்துபோகாமல் மேலே போய்க்கொண்டே இருந்தது எங்களுக்கு ஒப்பவில்லை, அணைக்கச் சொல்லிவிட்டோம். அடுத்த தெருவில் ஒரு சடங்கு வீட்டுக்காரர்கள் வந்து ஒரு பொழுதுக்கு மைக் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். சண்முகத்தாய் மூத்திரத் துணியை அலசிக்கொண்டே அவர்களைப் பார்த்தாள், போய்விட்டார்கள்.

இதில் எங்களுக்கே ஒரு பைத்தியம் பிடித்தது. மதியத்தில் காம்பவுண்டே பாயில் படுத்து இடது பக்கம் ஒருமுறை வலது பக்கம் ஒருமுறை புரண்டு பார்த்தது, நமக்குள்ளும் ஏதாவது ஓடுகிறதா என்று. யாருக்கும் எதுவும் ஓடவில்லை. சிலர் உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். அதற்குப் பதிலாக, ஓடியிருந்தால் என்ன ஓடியிருக்கும் என்று பேச ஆரம்பித்தோம். சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கும் ஜெயசீலி, தன் அப்பா தூத்துக்குடியிலிருந்து வாங்கி வந்த கிறிஸ்துமஸ் பாட்டுக் கேசட்தான் என்றாள், அப்பா குடியை விட்ட வருஷம் அது, மறு வருஷம் திரும்பத் தொட்டுவிட்டார், அதனால் அந்தக் கேசட்டில் மட்டும் அவர் குடிக்காமல் இருக்கிறார் என்றாள். கோமதிநாயகம் அண்ணாச்சி மூன்று நான்கு கேசட்டுகளின் பெயரைச் சொல்லி, அடித்து, மறுபடி சொல்லி, கடைசியில் முடிவு பண்ண முடியாமல் இரவுச் சாப்பாட்டைத் தள்ளிவைத்தார். சண்முகத்தாயிடம் கேட்டபோது, எனக்கு ஏது கேசட்டு, எங்க அய்யா வீட்டுல டேப்பே கிடையாது என்று சொல்லிவிட்டு அவரைத் திருப்பிப் போடப் போனாள்.

அப்போதுதான் அண்ணாச்சி இரண்டு விஷயங்களைக் கவனித்தார். ஒன்று, கேட்கிற பாட்டெல்லாம் புதுக் கேசட் போல இருந்தது. நாடாவில் எந்த இடத்தை அடிக்கடி போட்டுக் கேட்கிறோமோ அந்த இடம் தேய்ந்து, குரல் மங்கி, இரைச்சல் ஏறிவிடும், கேசட்டைக் கேட்டே அது எவன் கேசட், அவனுக்கு எந்தப் பாட்டு உயிர் என்று சொல்லிவிடலாம். வாழ்நாள் பூராவும் காதில் வயரோடு அலைந்த மனுஷனின் கேசட் எங்கேயும் தேயாமல் இருந்தால் அவர் எதைத்தான் கேட்டார்? இரண்டாவது, ஏ சைடு எப்போதும் பாதியிலிருந்துதான் வந்தது. தண்ணீர் வந்த அன்று நாங்கள் தவறவிட்ட அந்த வயலின் பாட்டு மறுபடி வரவே இல்லை. அதுதான் அந்தப் படத்திலேயே உயிரான பாட்டு, தேய்ந்திருந்தால் அதுதான் தேய்ந்திருக்கும் என்று அண்ணாச்சிக்கு ஒரே தவிப்பு.

காரணம் அவருக்குத் தெரிந்ததுதான், கேசட் வைத்திருந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாதியில் எடுத்துத் திருப்பினால் மறுபக்கம் தொடக்கத்திலிருந்து வராது, இந்தப் பக்கம் எவ்வளவு ஓடியதோ அவ்வளவுதான் அந்தப் பக்கத்தில் மிச்சம் இருக்கும். சண்முகத்தாய் பி சைடை முழுசாக ஓட விடுவதே இல்லை. மூன்றாவது பாட்டு முடிகிற சமயம் எங்கே இருந்தாலும் ஓடி வந்து, அடுப்பில் பால் பொங்கினால் பொங்கட்டும் என்று விட்டுவிட்டு வந்து, அவரைப் புரட்டி இடது பக்கம் போட்டுவிடுவாள். பி சைடை ஒரே ஒரு தடவை கடைசி வரை விடு தாயி, வயலின் தானா வந்துரும் என்று அண்ணாச்சி அவளிடம் கேட்டார், கெஞ்சினார், காம்பவுண்டுப் பெண்களை விட்டும் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. பி சைடு என்றால் அவளுக்கு ஏன் ஆகாது என்று எங்களில் மூத்த பெண்கள் பேசிக்கொண்டார்கள், அவர்களுக்கு ஒரு கதை தெரியும்: கல்யாணத்துக்கு முன்னால் மில்லில் நூல் சுற்றும் கோன் பிரிவில் ஒரு பெண் இருந்தாள், அந்தக் கேசட்டை அவர் இரண்டு பிரதி பதிந்தார், இன்னொன்று அவளிடம் போனது, அவள் திருப்பூர் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். இந்தக் கதையைச் சண்முகத்தாய் வந்திறங்கிய வாரமே குழாயடியில் வைத்து யாரோ புண்ணியவதி அவள் காதில் போட்டிருந்தாள்.

ஆவணி பிறந்து சில நாள் கழித்து, ஒரு முற்பகல், ஜெயசீலி அவருக்கு உடம்பு துடைக்க உதவியாகப் போனவள் இடது இடுப்பெலும்புக்கு மேலே தோல் கறுத்துப் பிய்ந்திருப்பதைப் பார்த்தாள். விரலால் சுற்றிலும் தொட்டுப் பார்த்தாள். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவள் சத்தத்தைக் குறைத்துக்கொண்டாள்.

“அக்கா, ஒரே பக்கமா போட்டு வைக்கீகளா?”

சண்முகத்தாய் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

“இது எலும்பைத் தொட்டுருச்சுன்னா நம்ம கையில இல்லக்கா. நான் வார்டுல பாக்குறேன்ல, நல்லா இருந்த ஆளு ஒரு மாசத்துல போயிருது. இன்னையிலேருந்து வலது பக்கந்தான். முழுசா ரெண்டு மணி நேரம். இந்தப் பக்கம் காத்துப் படணும்.”

“முடியாது ஜெயசீலி.”

“ஏன் முடியாது?”

அதற்குப் பிறகு சண்முகத்தாய் சொன்னதை ஜெயசீலி எங்களுக்குச் சொல்ல வெகு நாளாயிற்று. கல்யாணமாகி அந்த மாசமே நடந்தது அது. தவசிலிங்கம் ஷிப்டு முடிந்து வந்தால் டேப்புக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார், ஓடுவது பி சைடு நாலாவது பாட்டு, ஒரு பெண் தனியாகப் பாடுவது. குழாயடிக் கதையைக் கேட்ட பிறகு அந்தப் பெண் குரல் பாட்டுப் பாடுகிறவளுடையதாகச் சண்முகத்தாய்க்குத் தோன்றவில்லை. அவர் சாப்பிடாமல் அவள் சாப்பிடக் கூடாது, அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள், ஒவ்வொரு நாளும் பசியோடு அந்தப் பாட்டு முடியக் காத்திருந்தாள். ஒரு நாள் டேப் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க அவர் கொல்லைப்பக்கம் போனார், அவள் போய் அதை நிறுத்தப் பார்த்தாள். எந்த பட்டன் என்று தெரியவில்லை. சிவப்பு என்றால் நிறுத்துவது என்று நினைத்தாள், ரயிலுக்கும் லாரிக்கும் அப்படித்தானே. சிவப்பு பட்டனை அழுத்தினாள். பாட்டு நின்றது. நின்றதே என்ற தைரியத்தில், கொல்லைப்பக்கம் பார்த்து மனதில் இருந்ததைச் சத்தமாகச் சொன்னாள். அவர் ஓடி வந்து பட்டனைத் தூக்கியபோதுதான் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்ததையும், சிவப்பு என்றால் பதிகிற பட்டன் என்பதையும் அவள் தெரிந்துகொண்டாள்.

“அந்தப் பாட்டை நான் அழிச்சுட்டேன். அவுக ஒரு வார்த்தை சொல்லல. திட்டியிருந்தாக்கூட தேவலாம். அதுக்கப்புறம் அந்தக் கேசட்டை வீட்டுல போட்டதே இல்ல, வாக்மேன வாங்கிக் காதுல மாட்டிக்கிட்டாக. நான் கேக்கக் கூடாதுன்னு.” துணியை வாளியில் போட்டுவிட்டு மீதியைச் சொன்னாள். “இப்ப அந்த இடம் வந்தா என்ன வரும் ஜெயசீலி? நான் அழிச்சதத் திரும்ப மனசுக்குள்ள எழுதி வச்சிருந்தாகன்னா அந்தப் பாட்டு முழுசா வரும். இல்லன்னா நான் கத்துனது வரும். ரெண்டுல எது வந்தாலும், நாளைக்கு நான் இவுகளுக்குப் பீ மூத்திரம் அள்ளணும்.”

ஜெயசீலியும் இரவு ஷிப்டு முடிந்து தூங்காமல் வந்தவள்தான். பிறகு, அக்கா, புண்ணுக்கு இதெல்லாம் தெரியாதுக்கா என்று மட்டும் சொன்னாள். இருவருமாகச் சேர்ந்து அவரைத் தூக்கி, கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, வலது பக்கம் திருப்பிப் போட்டார்கள்.

இரைச்சல் வந்தது, முதல் பாட்டு வந்தது. எங்கள் வீடுகளில் யாரும் நிமிரவில்லை, தினமும் கேட்பதுதான். ரெண்டாவது பாட்டுக்கு உலை வைக்கிறவர்கள் வைத்தார்கள். மூன்றாவது பாட்டின் கடைசிப் பல்லவியில் வழக்கமாக அறுந்து ஏ சைடுக்குப் போகிற இடம் வந்தது, போகவில்லை, புல்லாங்குழல் தன்பாட்டுக்கு நீண்டு முடிந்து, ஒரு மூச்சு விடுகிற நேரம் இரைச்சலாக இருந்தது. அந்த இரைச்சலைக் கேட்டுத்தான் காம்பவுண்டு முழுக்கக் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தது. கோமதிநாயகம் அண்ணாச்சி பாதிச் சவரத்தோடு ஓடி வந்தார். சண்முகத்தாய் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து புரட்ட ஒருமுறை கை தூக்கினாள், தூக்கிய கையை ஜெயசீலி பிடித்துக்கொண்டாள், பிடிக்காவிட்டாலும் எழுந்திருக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

நாலாவது பாட்டு ஆரம்பித்தது. பல்லவி சுத்தமாக இருந்தது, அந்தப் பெண் குரல் நேற்றுப் பாடியது போல இருந்தது. பாட்டு நகர நகர இரைச்சல் ஏறியது. முதல் சரணத்துக்குள் நுழையும்போது குரல் ஏதோ சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, பிறகு ‘டக்’கென்று ஒரு சத்தம், அதற்கப்புறம் மழை பெய்வது போல் இரைச்சல், அந்த இரைச்சலின் அடியில், காதைக் கட்டிலோடு ஒட்டினால்தான் கேட்கும் என்கிற மாதிரி, தேய்ந்து தேய்ந்து நூலாகிப் போன ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

“சோறு ஆறுது. எத்தன தடவ கூப்புடுறது உங்கள. எனக்கும் பசிக்குதுல்ல.”

மறுபடி ‘டக்’. மிச்சப் பாட்டு ஒன்றும் நடக்காதது போல், துளியும் தேயாமல், கணீரென்று தொடர்ந்தது.

அண்ணாச்சிதான், அவரால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது, சோப்பு நுரை காய்ந்த முகத்தோடு வாசல்படியில் நின்றபடியே மெதுவாகச் சொன்னார்.

“இந்த இடந்தான் தாயி. கேசட்டுல இந்த இடம் மட்டுந்தான் தேஞ்சிருக்கு.”

சண்முகத்தாய்க்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவளுக்கு வந்தது சந்தோஷம் இல்லை, கோபம்தான் வந்தது, எங்கள் காம்பவுண்டில் அவள் கோபப்பட்டு நாங்கள் பார்த்ததே அன்றுதான். இத்தன வருசம், என்று ஆரம்பித்தாள், இத்தன வருசமா இந்த மனுஷன் சொன்னா வாயில இருக்குற முத்தா கொட்டிப்போகும், இப்பச் சொல்ல வாயுமில்ல, என்று சொல்லிக்கொண்டே அவர் தோளைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினாள். பிறகு அந்தத் தோளிலேயே நெற்றியை வைத்து அழுதாள். மில்லின் அத்தனை இரைச்சலுக்குள் காதில் வயரை மாட்டிக்கொண்டு அவர் அவள் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதையும், அந்த நேரத்திலெல்லாம் தான் இங்கே இன்னொருத்தியை நினைத்து வெந்துகொண்டிருந்ததையும் ஒன்றாக வைத்துப் பார்க்க அவளால் முடியவில்லை. இரண்டுக்கும் சேர்த்து அழத்தான் முடிந்தது.

பாட்டு நின்றது. சைடு முடிந்து நிற்கிற சத்தம் இல்லை அது. தவசிலிங்கத்தின் இடது கை, அசைகிற கை, போர்வையை இறுக்கிப் பிடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது, விலாவுக்குள் ‘கிர்ர்ர்’ என்று ஏதோ பின்னோக்கிச் சுற்றியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அந்த உடம்பு தானாகச் செய்த ஒரே காரியம் அது. சுற்றி நின்றது. மறுபடி மழை இரைச்சல், மறுபடி அந்தச் சின்னப் பெண்: சோறு ஆறுது. எத்தன தடவ கூப்புடுறது உங்கள. எனக்கும் பசிக்குதுல்ல. மறுபடி ‘கிர்ர்ர்’ என்று சுற்றியது, மறுபடி அதே. அவர் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது, ஆனாலும் விடவில்லை.

“கேக்குது,” என்றாள் சண்முகத்தாய். முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். “கேட்டுருச்சு. போதும், விடுங்க. உடம்புக்கு ஆகாது.”

அவர் கை தளர்ந்தது. பாட்டு விட்ட இடத்திலிருந்து போயிற்று.

அவள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் தோன்றியது. ஜெயசீலி அடுக்களைக்குப் போய், ஆறிப்போன சோற்றில் முதல் நாள் குழம்பை ஊற்றி எடுத்து வந்தாள். சண்முகத்தாய் அதை வாங்கிக்கொண்டு, கட்டிலுக்கு அந்தப் பக்கம், அவர் முகம் பார்த்திருக்கும் பக்கமாகப் போய், அவர் பார்க்கும்படி உட்கார்ந்து பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். பெரிய பெரிய கவளமாக, யாரையும் கவனிக்காமல், தட்டு காலியாகி இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிச் சாப்பிட்டாள். அவர் கண் அவள் கையோடு தட்டுக்கும் வாய்க்கும் போய்வந்தது. பி சைடு முடிந்து ‘டக்’கென்று நின்ற பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை, இடது புண்ணில் காற்றுப் பட வேண்டிய நேரம் முழுவதும் பட்டது.

பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, மருந்து வைத்துக் கட்டிய புண் அழுந்தாமல் தலையணை முட்டுக் கொடுத்து, ஜெயசீலியோடு சேர்ந்து அவரைக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் இடது பக்கம் திருப்பிப் போட்டாள். வயலின் வந்தது. கோமதிநாயகம் அண்ணாச்சி மாதக்கணக்காக ஏங்கிக் கிடந்த அதே வயலின், அதே பாட்டு, முதல் சுரத்திலிருந்து. திரும்பிப் படுத்தவரின் முதுகில் கை வைத்தபடி, கட்டில் சட்டத்தில் தலை சாய்த்து, சண்முகத்தாய் உட்கார்ந்த வாக்கில் தூங்கிப்போயிருந்தாள். அவளை எழுப்பிவிடக் கூடாதே என்று நாங்கள் மூச்சுச் சத்தம்கூடக் காட்டாமல் ஒவ்வொருவராக வெளியே வந்து கதவைச் சாத்தினோம். அன்றும் அந்தப் பாட்டை நாங்கள் யாரும் ஒழுங்காகக் கேட்கவில்லை.